காலாண்டு லீவு முடிந்து கிறிஸ்துமஸ் வரை: ஒரு சின்னப் பள்ளியின் பதினோரு வாரம்

புரட்டாசி நடுவில் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும். டிசம்பர் 23 வாக்கில் அரையாண்டுப் பரீட்சை முடியும். இடையில் இருப்பது ஏறக்குறைய பதினோரு வாரம். வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, சபையில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகை, நவம்பர் 14 குழந்தைகள் தினம், கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு அட்வெந்து ஞாயிறுகள், வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல், நாடகம், பரீட்சை எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். கிறிஸ்தவச் சபையை ஒட்டிய சின்னப் பள்ளிகளில் ஆசிரியர்களும் குறைவு, பெற்றோரும் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே எதை எப்போது செய்வது என்பதுதான் முக்கியம். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிற ஒவ்வொரு வேலையும் பிள்ளையின் தூக்கத்தில்தான் கழியும். ஐப்பசியிலேயே முடித்துவிடக் கூடியவை நிறைய இருக்கின்றன.

முதல் வேலை தண்ணீர்ப் பாத்திரங்கள். கொங்குப் பக்கம் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரம்பித்தான் இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படித் தேங்கியிருக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் தேங்காய் நார் வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒரு வாரம் தவறினால் அந்த இடைவெளியே கொசுவுக்குப் போதும்.

டிரம்முக்குத் தட்டு போட்டு மூடுவது மூடியதாகாது. விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே கொசு உள்ளே போய்விடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, வாயைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். அது நனைந்து நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கினால் அதிலும் முட்டை இடும், ஆகவே கட்டு தளராமல் இருக்க வேண்டும். யாரும் கவனிக்காத இடங்கள் என்று பார்த்தால் ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மிக்சி வந்த பிறகு வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, தேங்காய்த் தொட்டி, காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கூரை மேல் வைத்த டயர். ஆட்டுக்கல் குழியில் மணலை நிரப்பிவிட்டால் அந்தக் கவலை அதோடு முடிந்தது. இந்தக் கொசு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரமும் அதுதான். அதனால் பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவறை வாளிக்கும் இதே கணக்குத்தான். மழைக்காலம் முடியும் வரை காலை மறைக்கிற உடுப்பு போட்டு அனுப்பினால் நல்லது.

அடுத்தது காய்ச்சல். "காச்சலுங்க டீச்சர், மாத்திரை குடுத்து அனுப்பியிருக்கேன்" என்ற பேச்சு ஐப்பசி முழுக்கக் கேட்கும். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் நடப்பது என்னவென்றால், காலை ஏழரைக்குக் கொடுத்த மருந்தின் வேகம் பதினொன்றரைக்கு இறங்கும். பிள்ளை வகுப்பிலேயே நடுங்கும். அம்மாவுக்குப் போன் அடித்தால், கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவதால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் ஒட்டியிருக்கும்.

இதற்குப் பள்ளியில் வைக்க வேண்டிய ஏற்பாடு எளிது. லீவு முடிந்து திறந்த வாரமே ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண்கள் எழுதி வாங்க வேண்டும். அம்மா அல்லது அப்பா, வேலை செய்யும் இடத்து ஆபீஸ், பகலில் வீட்டில் இருக்கும் ஒருவர். அந்த மூன்றாவது எண்தான் உயிர். தாத்தா பாட்டியான அப்பாரோ அமுச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் சரி, பிள்ளையை வந்து அழைத்துப் போக அவருக்கு அனுமதி உண்டு என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வருடா வருடம் எண்கள் மாறும், ரீசார்ஜ் முடிந்து கிடக்கும். வாங்கிய அன்றே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கான கணக்கு இது. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பள்ளி வேண்டாம். மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். பாரசிட்டமால் அளவை வயதை வைத்து ஊகிக்கக் கூடாது. எடையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். சிரப்பில்தான் குழப்பம் வரும். கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். போன முறை 10 மில்லி கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் இந்த முறை 250 பாட்டிலில் 10 மில்லி ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். பாட்டில் மேல் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பத்தாவும் ஒரு வேளை கொடுப்பது நடக்கும். காலண்டர் தாளில் நேரத்தை எழுதி பாட்டிலுக்கு அடியில் வைத்தால் அது நேராது. டெங்கு சந்தேகம் இருக்கும் பருவத்தில் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். ரத்தக் கசிவை அவை கூட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் இறங்கும்போது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைக்குள் உடம்பு சில்லிடும். "விட்டுடுச்சுங்க, நாளைக்கு அனுப்பிடறேன்" என்று வீடு நிம்மதி அடையும் நேரம் அதுதான். அன்றைக்குப் பிள்ளைக்குக் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிட்டுப் போவது, எழுப்பினாலும் சோர்ந்து சாய்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது இவற்றில் எது இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் வரை நீராகாரம் விடாமல் போக வேண்டும். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். எது இறங்குகிறதோ அது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவிக் கலக்குவது தப்பு. பெரிய பாக்கெட் முழுவதையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அதைக் கொடுத்தாயிற்று என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்ற மழைக்காலத் தொல்லைகளுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் ஓரளவு காயும். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும். பேன் என்றால் தலையை நனைத்து எண்ணெய் தடவி, நெருக்கப்பல் பேன் சீப்பால் மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் வாரிவிட வேண்டும். ஒருமுறை வாரி நிறுத்தினால் மிச்ச ஈர் பத்து நாளுக்குள் பொரித்து மறுபடி ஆரம்பிக்கும். பேன் இருக்கிற பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துவது பாவம். தனியாக அம்மாவிடம் சொன்னால் போதும். மெட்ராஸ் ஐ வந்தால் கண் சிவப்பும் பீளையும் அடங்கும் வரை வீட்டில் இருக்கட்டும். வீட்டில் ஆளுக்கொரு துண்டு.

தீபாவளி போனஸ் வருகிற வாரத்தில் வீட்டில் பெரிய மனுஷர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பணம் கைக்கு வந்த அன்று ராத்திரியே மூன்று கவர் போடுங்கள். இரண்டாம் பருவக் கட்டணம், டிசம்பர் துணிமணி, தீபாவளிச் செலவு. முதல் இரண்டு கவரையும் ஒட்டிவிட்டு, மூன்றாவதில் இருப்பதுதான் தீபாவளி என்று வைத்துக்கொண்டால் கார்த்திகையில் யாரிடமும் வட்டிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. பட்டாசுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தீப்புண் பட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் அப்ப வேண்டாம். அப்பியதை ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனை பெரிது.

இனி அறுப்பின் பண்டிகை. சபையார் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள், பிறகு அதை அங்கேயே ஏலம் விடுவார்கள். 1830-இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் கோயம்புத்தூரில் வேலை தொடங்கியது. அந்த வழி வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. அன்றைக்கும் இன்றைக்கும் சபைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். விளைச்சலில் முதல் பங்கைக் கடவுளுக்குக் கொண்டுவருவது என்பது எந்தக் காட்டுக்காரர் வீட்டுக்கும் புரியும் விஷயம். அதனால் இந்த ஒரு பண்டிகையில் எந்தப் பிள்ளையும் வெளியாளாக நிற்க வேண்டியதில்லை.

கொண்டுவருகிற பொருள் கெடாமல் வந்து சேர்வதில்தான் சூட்சுமம். இந்தப் பருவத்தில் அதிகம் வருவது கடலைக்காய். ஆடிப் பட்டத்தில் விதைத்தது அப்போதுதான் பிடுங்கியிருப்பார்கள், மழையும் கூடவே வந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று உருண்டால் காய்ந்தது. சத்தம் இல்லையென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, சாக்கில் கட்டினால் பூசணம் பிடிக்கும். மழை நாளில் கூரைக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாளைக்கு நாலு தடவை கிளறிவிட வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த பருப்பைத் தூர எறிய வேண்டும். வறுத்தாலும் அவித்தாலும் அந்த விஷம் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலிலும் இறங்கும். மரவள்ளிக்கிழங்கு இன்னொரு விதம். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடி வீணாகும். சனிக்கிழமை பிடுங்கி ஞாயிறு கொண்டுவாருங்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் தோலை உரித்து, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கைச் சாப்பிடக் கூடாது. சின்ன வெங்காயத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரு ராத்திரியில் நாறிவிடும், கூடையில் கொண்டுவாருங்கள். நாட்டுக்கோழி என்றால் காலைக் கட்டி வெயிலில் போடாமல், நிழலில் தண்ணீரோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதுதான் நியாயம்.

காடு தோட்டம் இல்லாத வீடுதான் அதிகம். தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் எதை அறுப்பது? அதற்குச் சபைகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது, பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. இதை அம்மா செய்யாமல் பிள்ளை கையால் போடச் சொல்லுங்கள். சின்னக் கைப்பிடியில் 25, 30 கிராம்தான் வரும். தினம் ஒரு பிடி என்று ஆடியில் தொடங்கினால் மூன்று மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் சேரும். வண்டு வராமல் இருக்க டப்பாவில் நாலு காய்ந்த மிளகாயோ வேப்பிலைக் கொத்தோ போட்டு வையுங்கள். தன் கையால் போட்டுச் சேர்த்த பிள்ளை அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிற நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஏலத்தில் வரும் சங்கடங்கள் இரண்டு. ஒன்று, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடிந்த பிறகு பணம் அப்புறம் தருகிறேன் என்பது. ஏலம் போகும்போதே கரும்பலகையில் பொருள், எடுத்தவர், தொகை மூன்றையும் எழுதி, கட்டியதும் கோடு போட்டால் மனஸ்தாபம் வராது. சாயங்காலம் மூன்று பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது சங்கடம் பிள்ளைகள் பக்கம். வாழைத்தார் ஆயிரக்கணக்கில் ஏறும்போது கையில் பத்து ரூபாயோடு நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? பிள்ளைகளுக்குத் தனி ஏலம் வைத்து, பத்து ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு போட்டு, ஆளுக்கு ஒரு பொருள்தான் என்று சொல்லிவிடுங்கள். ஒரே பொருளுக்குப் பல பேர் பத்து ரூபாய் கேட்டால் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். எலுமிச்சம்பழம், கொய்யா, ஒரு பூசணிக்கீற்று, இவை போதும்.

சபையும் பள்ளியும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து வைக்கிற நாளையும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அக்டோபர் 17 வாக்கில்தான் புரட்டாசி முடியும். அதுவரை பல வீடுகளில் கறி சாப்பிட மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட பிள்ளைகள் இருப்பார்கள். பிரியாணி போடுவதானாலும் சைவச் சாப்பாட்டைத் தனி அடுப்பில், தனிக் கரண்டியோடு, முதல் பந்தியிலேயே போட வேண்டும். "மாலை போட்ட கண்ணுகளெல்லாம் இந்தப் பக்கம் வாங்க சாமி" என்று போதகரின் மனைவியான ஆயரம்மாவே கூப்பிட்டு உட்கார வைத்தால் அந்த வீட்டுக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள். மாலை போட்ட பிள்ளைகள் செருப்பில்லாமல் வருவதற்கும் பள்ளியில் இடம் வேண்டும். மழையில் வெறுங்காலோடு நடப்பதால், வந்ததும் கால் கழுவித் துடைக்கத் தண்ணீரும் துணியும் வாசலில் வைத்தால் சேற்றுப்புண் வராது.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் எடுப்பதை நவம்பர் 14-க்குள் முடித்துவிடுங்கள். அட்வெந்து முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அதற்குள் வசனம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு ஒத்திகை, மதியச் சாப்பாட்டு மணியின் பின்பாதியில் இருபது நிமிடம். சாயங்காலம் நிறுத்தி வைத்தால் வேன் போய்விடும், மழை பிடித்துக்கொள்ளும், வீட்டுப்பாடமும் கெடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு கைமுட்டி தூரத்தில் பிடிக்க, கடைசி நாளில் அல்ல, முதல் ஒத்திகையிலேயே ஒரு கரண்டியை வைத்துப் பழக்குங்கள். இந்துக் குடும்பத்துப் பிள்ளையை மரியாளாகவோ தூதனாகவோ போடுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். கேட்காமல் போடும்போதுதான் மனது நோகும்.

உடுப்புக்கு வாடகைக் கடைக்குப் போவது எங்களுக்குத் தேவையே இல்லாத செலவு. மேய்ப்பனுக்கு வேண்டிய வரிபோட்ட கெட்டித் துணியைப் பவானிக்காரர்கள் ஜமக்காளம் என்ற பெயரில் நெய்துகொண்டிருக்கிறார்கள். பெரிய ஜமக்காளம் பிள்ளைக்குப் பாரம், தோளிலிருந்து நழுவும். சின்ன அளவு ஜமக்காளத்தையோ சென்னிமலைப் போர்வையையோ இரண்டாக மடித்து ஒரு தோளில் போட்டு, இடுப்பில் சணல் கயிற்றால் கட்டினால் நிற்கும். கையில் வளைந்த கோலுக்குத் தொரட்டி இருக்கிறது. நுனி அரிவாளைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளாடும் செம்மறியும் மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கோலை எப்படிப் பிடிப்பது, ஆட்டை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். மேய்ப்பர்கள் கொங்குத் தமிழில் பேசினால் சபை நிமிர்ந்து உட்காரும். நிஜ ஆட்டுக்குட்டியை மட்டும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள், விளக்குக்கும் சத்தத்துக்கும் மிரண்டு அது பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும்.

தூதன் உடுப்புக்கு வெள்ளை வேட்டி போதும். சிறகைத் தெர்மோகோலில் வெட்டினால் ஒத்திகையிலேயே உடையும், கம்பியில் செய்தால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. அட்டைப்பெட்டியில் வெட்டி வெள்ளைத் துணி ஒட்டி, புத்தகப்பை வார் மாதிரி இரண்டு எலாஸ்டிக் வளையம் தைத்து மாட்டுங்கள். பின்னூசி வேண்டாம். தாடியைப் பசை போட்டு ஒட்டினால் தோல் தடித்துப்போகும், காதில் மாட்டும் எலாஸ்டிக்கில் பஞ்சைத் தைத்துவிடலாம்.

நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்டுவதானால் காய்ந்த மூங்கில் வேண்டும். பச்சை மூங்கிலில் கட்டினால் காயக் காயச் சுருங்கி முடிச்செல்லாம் தளரும். இரண்டடி நீளத்தில் சுண்டுவிரலில் பாதி கனத்துக்குப் பத்துக் குச்சி சீவிக்கொள்ளுங்கள். ஐந்து குச்சியை ஒன்றின் மேல் ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து ஒரு நட்சத்திரம், மிச்ச ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, ஐந்து நுனிகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இனி நடுவில் குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடம் தெரியும். ஒவ்வொன்றிலும் ஆறு அங்குலக் குச்சி ஒன்றை இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நிமிர்த்திச் செருகினால் நட்சத்திரம் உப்பி எழும். ஐந்தும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் கோணும், அதனால் ஒரு குச்சியை அளவாக வைத்து மற்ற நாலையும் வெட்டுங்கள். முடிச்சைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும்.

மூடும்போது ஒரு பக்கம் முழுவதையும் ஒரே தாளில் மூடினால் சுருக்கம் விழும். முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடுவே ஒரு ஐங்கோணம், பின்பக்கமும் அதே மாதிரி, விளிம்புகளுக்குப் பத்துச் சிறு முக்கோணம் என்று தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள். சாதாரண வண்ணத்தாள் முதல் மழையிலேயே சாயம் போய்க் கரைந்து தொங்கும். வாசலில் கட்டுவதற்குக் கண்ணாடித்தாள்தான் சரி. மைதாப் பசையும் ஈரத்தில் விடும், எலியும் தேடி வரும். ஒட்டுநாடா போட்டு ஒட்டுங்கள். கீழ்நுனியில் தண்ணீர் வடிய ஒரு துளை, மேலே சூடு போக ஒரு துளை. உள்ளே 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. பல்பு மட்டும். பழைய குண்டு பல்பு தாளைப் பொசுக்கும். வயரில் வாசலுக்கு வெளியே ஒட்டுப்போட்ட இடம் எதுவும் இருக்கக் கூடாது. நட்சத்திரத்துக்குள் நுழைவதற்கு முன் வயர் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் வயர் வழியாக ஹோல்டருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இரும்பு கிரில்லிலும் ஈர மரக்கிளையிலும் வயரைச் சுற்றாதீர்கள்.

படிப்புக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். காலாண்டு விடைத்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாமல், அக்டோபர் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் பிள்ளையோடு உட்காருங்கள். போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் தப்பாக எழுதியது, நேரம் போதாமல் விட்டது. தெரியாததை நவம்பரில் படிக்க வைக்கலாம். தப்பாக எழுதியதற்கு எழுதிப் பார்க்கிற பழக்கம்தான் மருந்து. நேரம் போதாததற்குக் கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து "இன்னும் நல்லாப் படி" என்று சொன்னால் பிள்ளைக்கு எதைச் செய்வதென்று தெரியாது. ஷிஃப்ட் மாறுகிற வீடுகளில் வீடு எந்த ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கிறதோ அதையே படிக்கிற நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், டி.வி.யையும் போனையும் அந்த நேரம் பெரியவர்களும் தொடாமல் இருக்க வேண்டும். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் குறையக் கூடாது. காலை ஆறு மணிக்கு எழுப்புகிற வீட்டில் ஒன்பதுக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். கேரலுக்குப் போகிற இரவுகளில் சின்னப் பிள்ளைகளை முதல் நாலு வீட்டோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். அழுவார்கள், ஆனால் மறுநாள் பரீட்சை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இரவல் வாங்கிய ஒவ்வொரு ஜமக்காளத்தின் மூலையிலும், வாங்கிய அன்றே வீட்டுக்காரர் பெயர் எழுதிய துணித்துண்டைத் தைத்து வையுங்கள். நாடகம் முடிந்த இரவு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும், வரி பார்த்து எதுவும் அடையாளம் தெரியாது. துவைத்து, மார்கழி வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஜனவரியில் பள்ளி திறக்கும் முன் அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அந்தத் துணித்துண்டைப் பிரிக்க வேண்டாம், அடுத்த ஐப்பசிக்கும் ஆகும்.